முட்டை பொரியும்வரை

ஹுமேரா உள்ளே வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் வீட்டின் பின்பக்கம், பொடக்காளிக் கதவுக்குத்தான் போனாள். நினைத்தது சரிதான். கதவு திறந்திருந்தது. அக்கா சபுரா படியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை முந்தானை தலையில் இருந்தது, கைகள் மடியில் கிடந்தன. துவைகல்லுக்கு அப்பால் நின்ற எலுமிச்சைச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, இத்தாவுல இருக்கறவ உள்ள இருக்க மாட்டயா? இப்படி வெட்டவெளியில வந்து உக்காந்துட்டு."

"மெல்லப் பேசு. பறந்துரும்."

"எது?"

"தையல்சிட்டு. வாலு நீட்டமா இருக்குது பாரு, அது ஆணு. பொட்டை கூட்டுக்குள்ள இருக்குது."

ஹுமேரா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அன்னிய ஆம்பளையப் பாக்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னாரு. குருவிக்கும் சேத்தியான்னு கேக்க மறந்துபோட்டேன்."

சபுராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை முந்தானையால் மூடினாள். அதற்குள் ஹுமேரா நிலைப்படியின் மேல் மூலையில் ஒட்டியிருந்த மண் உருண்டையைப் பார்த்துவிட்டாள்.

"இதென்ன, குளவிக் கூடா? குளவி கூடு கட்டுனா அந்த ஊட்டுல யாரோ முழுகாம இருக்கறாங்கன்னு சொல்லுவாங்க. இது வந்து கட்டறதுக்கு இத்தா ஊடுதான் கெடைச்சுதா? ஊரு என்ன பேசும்க்கா!"

"இந்த வயசுல பேசுனாப் பேசட்டும். பெருமைதான்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

சபுராவின் கணவர் ஜபருல்லா பங்குனி மாதம் ஒரு நாள் உக்கடத்தில் தன் கடையில் பைக் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவர், மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து சபுராவுக்கு இத்தா. நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அன்னிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது, பூவும் நகையும் அத்தரும் கூடாது. போத்தனூரில் அவர்கள் வீட்டின் பின்சுவர் தாழ்வானது. சந்தில் நடப்பவர் தலையைத் திருப்பினால் பொடக்காளி முழுக்கத் தெரியும். அதனால் மகன் ரியாஸ் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து சுவருக்கு மேல் இழுத்துக் கட்டினான். சந்துப் பக்கம் நின்று கயிற்றைப் பிடித்தது அடுத்த வீட்டு சாமுவேல்.

தார்ப்பாய் வந்ததும் சந்துப் பூனைகளுக்கு வழி அடைபட்டது. இதை யாரும் யோசித்திருக்கவில்லை. சபுராவுக்கே பல நாள் கழித்துத்தான் புரிந்தது. பூனை வராத பொடக்காளிக்கு மற்றவையெல்லாம் வரத் தொடங்கியிருந்தன.

முதலில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். தன் வீடிருக்கும் கரும்புக்கடைப் பகுதியிலிருந்து ஹுமேரா மட்டும் வாரம் ஒருமுறை வந்தாள். டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு எழுந்தால் சாயங்காலம் அஸர் வரைக்கும் எதுவுமே இல்லை. தூரத்தில் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வெறுமை புதியதல்ல என்பதுதான் சபுராவைப் பயமுறுத்தியது. ஜபருல்லா காலையில் டீ குடித்துவிட்டு டிபன் கேரியரோடு போனால் இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் வருவார். முப்பது வருடமாக அவளுடைய மதியங்கள் இப்படித்தான் இருந்திருக்கின்றன. டிவியும் தூக்கமும் துணி மடிப்பதும் அவற்றை மூடி வைத்திருந்தன, அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் துக்கம் என்று சொல்லிவிட்டுப் போனதில் ஒரு பங்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டில் இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் இறந்தவரைக் குறை சொன்னதாகிவிடும். குறை சொல்லும்படியான ஆளும் இல்லை அவர். மீன் வாங்கி வந்தால், இதைக் குழம்பு வை, அதை வறு என்று அவரே சொல்லிவிடுவார். சேலை எடுத்தால் நிறத்தை அவரே பார்த்துவிடுவார். நல்ல நிறமாகத்தான் இருக்கும். உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது.

பொடக்காளி அவளுக்கு அதுவரை பாத்திரம் கழுவுகிற, துணி காயப்போடுகிற இடம். இப்போது உட்கார்ந்து பார்த்தபோது அங்கே ஒரு நடமாட்டம் இருந்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கி முருங்கைச் சருகைக் கிளறும். ஒன்று மட்டும் கிளையில் காவல் இருக்கும். சற்று நேரத்தில் கீழிருந்து இன்னொன்று மேலே போகும், காவல் இருந்தது இறங்கிவந்து கிளறத் தொடங்கும். முறை முடிந்தது என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்று சபுரா வெகுநேரம் யோசிப்பாள். சுவர் மேல் ஆண் ஒடக்கான், ஓணான்தான், கழுத்துச் சிவக்கத் தண்டால் எடுக்கும். முருங்கை மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் ஒடக்கான் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாது. ஒரு கண் இந்தப் பக்கம் இருக்கும், ஒரு கண் வேறெங்கோ. பழுப்பும் சாம்பலுமாக, மரப்பட்டையோடு பட்டையாக இருக்கும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சபுராவுக்கு ஒரு வேலை. கண்டுபிடித்த பிறகு உள்ளே ஏதோ ஒன்று நிம்மதியாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியாஸ் வந்தான். பெருந்துறையில் ஒரு சாயக் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆடியில இத்தா முடியுதுங்கம்மா. முடிஞ்சதும் பெருந்துறை வந்துருங்க. பாப்பாவையும் நீங்க பாத்துக்கலாம், டேகேர்ல உட வேண்டியதில்ல. இந்த ஊட்ட வாடகைக்கு உட்ரலாம். வர்றவங்க வண்டி நிறுத்த எடம் கேக்கறாங்க. பின்சுவர்ல ஒரு கேட்டு வெச்சு, பொடக்காளிக்குச் சிமெண்ட்டு போட்டு, அந்த முருங்கைய எடுத்துரலாம். கம்பளிப்பூச்சியாக் கெடக்குது."

"செரிப்பா."

"மாசாணம்னு ஒரு மேஸ்திரி. நல்ல ஆளு. மழைக்கு முன்னால முடிச்சுடறேன்னாரு. ஆளுங்க சந்து வழியா வந்து வேலையச் செஞ்சுபோட்டுப் போயிருவாங்க. நீங்க முன்ரூம்ல கதவச் சாத்திட்டு இருந்தாப் போதும்."

"செரி."

அவன் போன பிறகுதான் அந்தச் செரியைப் பற்றி யோசித்தாள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அத்தா கேட்டபோது செரி. கோட்டைமேட்டிலிருந்து போத்தனூருக்கு வீடு மாற்றியபோது செரி. ஒன்றில்கூட அவளுக்குக் கெடுதல் நடந்ததில்லை. அதனால்தான் அது இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. ரியாஸ் சொன்னதிலும் கெடுதல் ஒன்றும் இல்லை. நன்னி நன்னி என்று காலைச் சுற்றும் பேத்தியின் மேல் அவளுக்கு உயிர். ஆனால் முருங்கையை எடுத்துவிடலாம் என்று அவன் சொன்னபோது அவள் கண் பின்கதவுப் பக்கம் போயிருந்தது. ஏன் என்று முதலில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. இந்தப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும், இந்த மரத்தைப் பார்க்க வேண்டும். இதைப் போய் மகனிடம் எப்படிச் சொல்வது?

சொல்லாமலே நாட்கள் போயின. வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் காற்றோடு முதல் சாரல் விழுந்தது. மறுநாள் பெண் ஒடக்கான் தரையில் இருந்தது. அது தரைக்கு வருவதே அபூர்வம். வயிறு புடைத்து, கோலிக்குண்டுகளை விழுங்கியதுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. துவைகல்லுக்கும் முருங்கைக்கும் நடுவில் ஈரமண்ணை முன்னங்கால்களால் வாரிவாரிப் பின்னால் தள்ளியது. தோண்டும், நின்று பார்க்கும், மறுபடியும் தோண்டும். சபுரா அஸரைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். குழிக்குள் உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு அது வெகுநேரம் அசையாமல் இருந்தது. வெளியே வந்தபோது வயிறு ஒட்டித் தோல் தொங்கியது. மண்ணை மூடி, மூக்கால் தட்டித்தட்டி அழுத்தியது. நாலு சருகை மேலே இழுத்துவிட்டது. பிறகு மரத்தில் ஏறிப் போய்விட்டது.

அது திரும்பிப் பார்க்கும் என்று சபுரா காத்திருந்தாள். பார்க்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவளுக்கு முதலில் மனசு கேட்கவில்லை. அப்புறம், அப்படிப் போக முடிகிறதே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டு செவ்வந்திக்கு, சாமுவேலின் மனைவிக்கு, இதெல்லாம் தெரிந்திருந்தது. சிங்காநல்லூரில் மோட்டார் ஒர்க் ஷாப்பில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். மதியத்துக்கு மேல் ஷிப்டு. காலையில் சபுராவுக்குப் பாலும் காய்கறியும் வாங்கித் தந்துவிட்டுப் போவாள்.

"ஒடக்கான் முட்டை பொரிய ஒன்றரை மாசம் ஆகுமுங்க்கா. குஞ்சுக அதுகளே மண்ணத் தள்ளிட்டு வந்துரும். ஆத்தாளும் வேண்டாம், அப்பனும் வேண்டாம்."

"செம்போத்து ஒண்ணும் ரெண்டு நாளா முருங்கைக்கு வருது செவ்வந்தி."

"வரட்டுமுங்க்கா, நல்ல சகுனம். அது ஊட்டுப் பக்கம் வந்தா நல்ல சேதி வரும். கூப்புட்டாலும் வராது அது."

மேஸ்திரி மாசாணம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். சபுரா சொன்னபடி முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் சுவரேறி உள்ளே குதித்தார்கள். கடப்பாறை கல்லில் இடித்தது. துவைகல்லைப் பெயர்க்கிறார்கள். அடுத்த குத்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். அது அந்த மனிதருக்குத் தெரியாது.

எழுந்து பின்கதவு வரை வந்துவிட்டாள். கதவு மூடியிருந்தது. அந்தப் பக்கம் அன்னிய ஆண்கள். இத்தா இல்லாத நாளிலும் வேலையாட்களிடம் பேசியது ஜபருல்லாதான். டீ கொடுப்பது மட்டும் அவள்.

"ஏனுங்க."

வெளியே யாருக்கும் கேட்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். "ஏனுங்க! சித்த நில்லுங்க!"

கடப்பாறைச் சத்தம் நின்றது. "ஆருங்க, அம்மாங்களா? தூசி வருமுங்க. கதவ நல்லாச் சாத்திக்கங்க."

"கல்லுக்கும் முருங்கைக்கும் நடுவுல குத்தாதீங்க. அங்க ஒடக்கான் முட்டை வெச்சிருக்குதுங்க."

கூட வந்த ஆள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "மேஸ்திரி, ஒடக்கானுக்கு வக்காலத்துங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செவ்வந்தியின் குரல் பாய்ந்து வந்தது. "ஏனுங் மேஸ்திரி, இத்தாவுல இருக்கறவங்க கதவுக்குப் பின்னால நின்னு கூப்புடறாங்கன்னா சும்மாவா கூப்புடுவாங்க? என்னன்னு பாருங்க. இளிக்கறதுக்கா கூலி?"

மாசாணம் குனிந்து சருகை விலக்கினார் போல. மண்ணைச் சுரண்டும் சத்தம் கேட்டது. "அட ஆமாங்க. வெள்ளை வெள்ளையா கெடக்குது." சபுரா கதவில் நெற்றியை வைத்தபடி நின்றாள்.

"டேய், கடப்பாறையக் கீழ வெய்யி."

"ஏனுங்க மேஸ்திரி?"

"என்ற மருமவ முழுகாம இருக்கறா. இந்தச் சமயத்துல முட்டையக் கலைக்கறது ஆவாது. பாம்பு வந்தாக்கூட இப்ப நாங்க அடிக்கறதில்ல." குரல் கதவுப் பக்கம் திரும்பியது. "சின்னதுல கவட்டையில அடிச்ச ஒடக்கானுக்கு அளவே இல்லீங்கம்மா. அது வேற. இப்ப வேண்டாமுங்க. மண்ண மூடிட்டேன். பொரியட்டும், அப்பறமா வாரேன். தம்பிகிட்ட நானே பேசிக்கறனுங்க."

தார்ப்பாயை மறுபடி கட்டிவிட்டுப் போனார்கள். துவைகல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சபுரா படியில் வந்து உட்கார்ந்தாள். வேலை நின்றுவிட்டது. ஆனால் நின்றது மாசாணத்தின் மருமகளுக்காக. சபுரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒடக்கான் முட்டை இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள். இதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரியாஸ் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒடக்கானுக்குப் பிரசவ லீவு குடுத்துட்டாராம்மா மேஸ்திரி. செரி, பொரியட்டும். எப்படியும் இத்தாவும் அப்பத்தான் முடியுது."

ஹுமேராவும் போன் செய்தாள். "இத்தாவுல இருந்துட்டு அன்னிய ஆம்பளைகிட்டக் கத்துனயாமே? நீயா? என்னால நம்பவே முடியல. எனக்குக் கேக்கக் குடுத்து வெக்கலையே!"

அதன்பின் சபுராவுக்குக் காவல் வேலைதான். தவிட்டுக்குருவியைப் போல் முறை மாற்றிக்கொள்ள ஆள் இல்லாத காவல். அந்த இடத்தில் எறும்பு போனாலும் எழுந்து பார்த்தாள். தையல்சிட்டுக் குஞ்சுகள் ஒரு நாள் காலையில் கூட்டை விட்டுப் போய்விட்டன. நிலைப்படி மண் உருண்டையில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. குளவி எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை. தொழவும் சமைக்கவும் உள்ளே போகிற நேரத்தில்தான் எல்லாம் நடந்துவிடுகிறது. முட்டை பொரிவதையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பொரிந்த பிறகு என்ன என்பதை மட்டும் நினைக்காமல் இருந்தாள்.

ஆனி மாதம் ஒரு மதியம் லுஹர் முடித்துக் கதவைத் திறந்தபோது செம்போத்து தரையில் நின்றது. காக்கை அளவு, கரிய உடம்பு, செங்கல் நிறச் சிறகு, சிவந்த கண். கோழிபோல் நடந்துவந்து சருகைத் தள்ளியது. நல்ல சேதி என்று செவ்வந்தி சொன்னது சபுராவுக்கு நினைவு வந்தது. அந்த நினைப்போடு ஒரு கணம் அழகு பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அது அலகை மண்ணுக்குள் விட்டு எடுத்தபோது நுனியில் வெள்ளையாக ஒன்று இருந்தது. தலையை உயர்த்தி விழுங்கியது.

"ச்சூ!" என்று கைதட்டிக்கொண்டு ஓடினாள். அது அவசரப்படாமல் முருங்கைக் கிளைக்குத் தாவியது.

குழியில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஈரத்தாள் கிழித்துப் போட்டதுபோல் தோல்கள் கிடந்தன. அடியில் கிடந்தவை காய்ந்து சுருண்டு எறும்பு மொய்த்திருந்தன. அப்படியானால் இது இன்று தொடங்கியதல்ல. அவள் தொழுகைக்கு உள்ளே போகும்போதெல்லாம் அது வந்திருக்கிறது. இன்று தின்றது கடைசி முட்டை. பல நாளாகக் காலியாகிக்கொண்டே வந்த குழிக்குத்தான் காவல் இருந்திருக்கிறாள்.

பெண் ஒடக்கான் கைக்கெட்டும் உயரத்தில் மரத்தில் இருந்தது. கிளையில் செம்போத்து இருப்பது தெரிந்தோ என்னவோ பட்டையோடு ஒட்டிக் கிடந்தது. குழிப் பக்கம் அதன் கண் திரும்பவே இல்லை.

சபுரா குந்தி உட்கார்ந்து மண்ணைக் குழிக்குள் தள்ளினாள். கையால் தட்டித்தட்டி அழுத்தினாள். நாலு சருகை எடுத்து மேலே போட்டாள். இனி யாருக்கும் தெரியாது. செவ்வந்தி கிளறிப் பார்க்க மாட்டாள். மாசாணம் தன் மருமகள் பெற்றெடுக்கும்வரை இந்தப் பக்கமே வர மாட்டார். ஆடி முடிந்தும் இன்னும் பொரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்புறம் வேறு ஏதாவது வந்து முட்டை வைக்கும். சருகைச் சரிசெய்துகொண்டிருந்த கை தானாக நின்றது. இப்படி எத்தனை குழிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது?

உள்ளே போன் அடித்தது. டீ இடைவேளையில் ரியாஸ் கூப்பிடுகிற நேரம். மண் ஒட்டிய கையோடு எடுத்தாள்.

"என்னம்மா, ஒடக்கான் ஊட்டுல விசேஷம் ஆச்சா?"

பொரியவில்லை என்ற சொல் வாய் வரை வந்தது.

"இல்லப்பா. முட்டை எல்லாத்தையும் செம்போத்து தின்னுபோட்டுது."

"அட, பாவமே." அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். சின்ன வயதிலும் அப்படித்தான். "செரி உடுங்க. அப்ப மேஸ்திரிய நாளைக்கு வரச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"நாளன்னிக்கு?"

"வேண்டாம் ரியாஸ். சிமெண்ட்டு வேண்டாம். மரம் இருக்கட்டும்."

"ஏம்மா? முட்டைதான் போயிருச்சே?"

"முட்டைக்காக இல்ல. நான் இங்கயே இருக்கறேன். பெருந்துறைக்கு வரல."

அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் கேட்டது. அவன் சத்தமில்லாத இடத்துக்கு நடந்து போவது தெரிந்தது.

"செவ்வந்தியக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"ஹுமேரா சின்னம்மா?"

"ஒருத்தரும் சொல்லல. நாந்தான் சொல்றேன்."

அவன் இன்னும் வேறு யாரையோ தேடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடத்தில் அம்மா சொன்னதாக ஒன்றை அவன் கேட்டதில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது.

"பாப்பாகிட்ட நன்னி வர்றாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

இதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்த்தும் வலித்தது. "லீவுக்கு இங்க கூட்டிட்டு வா. குருவியெல்லாம் காட்டறேன்."

"லீவு எத்தன நாளைக்கும்மா? மத்த நாளெல்லாம் தனியா என்ன பண்ணுவீங்க?"

"இப்ப பண்றதத்தான்."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

சபுரா திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தாள். "உக்காந்திருப்பேன்" என்றாள்.

அவன், "ஞாயித்துக்கிழமை வாரேன். நேர்ல பேசிக்கலாம்" என்றான்.

"வா. மீன் வாங்கி வெக்கச் சொல்றேன். மேஸ்திரிய மட்டும் கூட்டிட்டு வராத."

போனை வைத்தாள். சொல்லிவிட்டால் ஏதோ இறங்கும், இலேசாகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வீடு அதே வீடாகத்தான் இருந்தது. இனி இந்த அமைதிக்கு யாரையும் காரணம் சொல்ல முடியாது. கையிலிருந்து ஈரமண் வாடை வந்தது.

படியில் வந்து உட்கார்ந்தாள். செம்போத்து போய்விட்டிருந்தது. தவிட்டுக்குருவிகளும் இல்லை. அஸர் பாங்கு தூரத்திலிருந்து கேட்டு முடிந்தது. ஒடக்கான் மரத்திலிருந்து மெல்ல இறங்கியது. அவள் கையால் தட்டி வைத்த மண்ணின்மேல் ஏறி, நிற்காமல் கடந்து, சாய்ந்து கிடந்த துவைகல்லில் வெயில் மிச்சமிருந்த பக்கமாகப் போய்ப் படுத்தது.

தொழுகைக்கு ஒளு செய்ய எழ வேண்டும். வெயில் கல்லைவிட்டுப் போகும்வரை சபுரா உட்கார்ந்திருந்தாள்.